பார்க்க ஆளில்லாத சிகரம்

மலையேற்ற ஆவணப்படங்களுக்கு என்று ஒரு வாய்பாடு இருக்கிறது. முதலில் வானத்திலிருந்து மலையைக் காட்டுவார்கள். அதில் ஏதோ ஒரு புள்ளி ஊர்ந்து போகும். கேமரா நெருங்கும்போதுதான் அது மனிதன் என்று தெரியும். பிறகு அம்மா பேசுவார், காதலி பேசுவார், பழைய ஆசான் ஒருவர் பேசுவார். ஒரு தோல்வி வரும், ஒரு விபத்து வரும், கடைசியில் உச்சி வரும். அதற்கேற்ப இசை உயரும். மனித ஆற்றலுக்கு எல்லையே இல்லை என்று நாமும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவோம்.

2021இல் வெளிவந்த ‘தி ஆல்பினிஸ்ட்’ படமும் இந்த வாய்பாட்டோடுதான் தொடங்குகிறது. பீட்டர் மார்ட்டிமரும் நிக் ரோசனும் இயக்கியது. மலையேற்றப் படங்களில் கைதேர்ந்தவர்கள். எந்த இடத்தில் டிரோனைப் பறக்கவிட வேண்டும், எந்த இடத்தில் இசையை நிறுத்த வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் படத்தின் நடுவில் அவர்களுக்கே தெரியாத ஒன்று நடக்கிறது. கதாநாயகனைக் காணோம். படக்குழுவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மலையேறக் கிளம்பிப் போய்விட்டான். கையில் போனும் இல்லை. இயக்குநர்கள் அவனைத் தேடி அலைகிறார்கள்.

இந்தப் படத்தை மற்ற சாகசப் படங்களிலிருந்து தனியே எடுத்துப் பேச வைப்பது அவனுடைய அந்த ஓட்டம்தான்.

அவன் பெயர் மார்க் ஆண்ட்ரே லெக்லெர்க். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவைச் சேர்ந்தவன். படத்தைப் பார்த்த யாருக்கும் அவனை ‘அவர்’ என்று சொல்ல வராது. சுருட்டை முடி, வெட்கச் சிரிப்பு, கேள்வி கேட்டால் பதிலுக்குப் பதில் தடுமாற்றம். சின்ன வயதில் கவனச்சிதறல் குறைபாடு உள்ளவன் என்று சொல்லப்பட்டவன். கொஞ்ச காலம் அம்மாவே வீட்டில் வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஸ்குவாமிஷ் என்ற ஊரில் ஒரு மாடிப்படிக்குக் கீழே குடியிருந்திருக்கிறான். பிறகு காதலி பிரெட் ஹாரிங்டனோடு காட்டுக்குள் கூடாரம் போட்டு வாழ்ந்திருக்கிறான். பிரெட்டும் தேர்ந்த மலையேறிதான். படம் பிடிக்கத் தொடங்கியபோது அவனை மலையேற்ற வட்டத்திலேயே பலருக்குத் தெரியாது. யாருடைய ஏற்றம் உங்களை வியக்க வைக்கிறது என்ற கேள்விக்கு, அப்போதே உலகப் புகழ் பெற்றிருந்த அலெக்ஸ் ஹோனால்ட் அவன் பெயரைச் சொல்கிறார். படம் அங்கிருந்துதான் அவனைப் பிடிக்கிறது.

கனடிய ராக்கி மலையில் ஸ்டான்லி ஹெட்வால் என்ற பாறை முகத்தில் அவன் ஏறும் காட்சியை நான் இரண்டு முறை பார்த்தேன். கயிறு கிடையாது. இரண்டு கைகளிலும் பனிக்கோடரி, காலணியில் இரும்பு முட்கள். கோடரியின் கூர்முனையைப் பாறையில் ஒரு நகக்கண் அளவு விளிம்பில் மாட்டுகிறான். மெல்ல இழுத்துப் பார்க்கிறான். தாங்குமா? தாங்கும் என்று கைக்குத் தெரிந்த பிறகுதான் உடம்பை அதில் ஏற்றுகிறான். அவசரமே இல்லை. சமையலறையில் நிற்பவர் சூட்டைத் தொட்டுப் பார்த்துப் பாத்திரத்தை இறக்குவது போல ஒரு நிதானம். பாறை முடிந்ததும் பனிக்குச்சிகள் தொங்கும் இடம் வருகிறது. அதில் ஓங்கிக் கொத்தினால் மொத்தமாக உடைந்து விழும். கொத்தாமல் கொக்கியை மாட்டி ஏறுகிறான்.

பாறையில் ஏறுவதற்கும் பனியில் ஏறுவதற்கும் உள்ள வித்தியாசம் இந்தக் காட்சியில் சட்டென்று புரிந்துவிடுகிறது. பாறை நாளைக்கும் அங்கேயே இருக்கும். அதை மனப்பாடம் செய்யலாம். பனி அப்படியில்லை. காலையில் தாங்கியது மதியம் வெயில் பட்டால் தாங்காது. இந்தக் குளிர்காலத்தில் அவன் ஏறிய பாதை கோடையில் உருகிப்போகும், அடுத்த குளிரில் வேறு வடிவத்தில் உறையும். அவன் ஏறியதற்கு மலையில் எந்தத் தடயமும் மிஞ்சாது.

இப்படிப்பட்ட ஒருவனிடம்தான் கேமராவைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அவனுக்குக் கோபமெல்லாம் வரவில்லை. ஒத்துழைக்கிறான், சிரிக்கிறான், கேட்டதைச் செய்கிறான். பிறகு ஒருநாள் காணாமல் போகிறான். 2016 ஏப்ரலில் கனடிய ராக்கி மலைத்தொடரின் மிக உயர்ந்த சிகரமான மௌண்ட் ராப்சனில், எம்பரர் முகம் எனப்படும் பயங்கரமான சரிவில் தனியாக ஏறி முடித்துவிடுகிறான். அதற்கு முன் யாரும் அதில் தனியாக ஏறியதில்லை. படக்குழுவுக்கு விஷயம் பிறகுதான் தெரிகிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவன் சொன்ன காரணம் மிக எளிமையானது. கூட ஆள் இருந்தால் அது தனி ஏற்றமே இல்லையாம்.

யோசித்துப் பார்த்தால் ஓர் ஆவணப்படத்துக்கு இதைவிடப் பெரிய அடி இருக்க முடியாது. எதைப் படம் பிடிக்க வந்தார்களோ, அது படம் பிடிக்கப்பட்டால் அதுவாக இருக்காது. மார்ட்டிமர் இதை மறைக்கவில்லை என்பதை அவருக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும். தன் எரிச்சலையும் தவிப்பையும் அவரே தன் குரலில் சொல்கிறார். ஆனால் படத்தின் மையம் காலியாகத்தான் கிடக்கிறது. நாம் பார்க்கும் பிரமாண்டமான காட்சிகளுக்கும் அவன் தனியாக ஏறிய அந்த நாளுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. எந்த லென்ஸாலும் அதை நிரப்ப முடியவில்லை.

இதை ‘ஃப்ரீ சோலோ’வோடு சேர்த்துப் பார்த்தால்தான் முழுதாகப் புரியும். 2018இல் வந்த அந்தப் படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். எலிசபெத் சாய் வாசர்ஹெல்யியும் ஜிம்மி சின்னும் இயக்கி, ஆஸ்கர் விருது வாங்கிய படம். யோசெமிட்டியில் ஏறக்குறைய 900 மீட்டர் செங்குத்தாக நிற்கும் எல் கேப்பிட்டன் பாறையில், 2017 ஜூன் 3ஆம் தேதி அலெக்ஸ் ஹோனால்ட் கயிறில்லாமல் ஏறினார். 3 மணி 56 நிமிடம். கை வழுக்கினால் அவ்வளவுதான்.

‘ஃப்ரீ சோலோ’வைத் துணிச்சலைப் பற்றிய படம் என்று சொல்பவர்கள் அதைச் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் சொல்வேன். அது பயிற்சியைப் பற்றிய படம். ஹோனால்ட் கயிறு கட்டிக்கொண்டு அதே பாதையில் திரும்பத் திரும்ப ஏறுகிறார். எந்தப் பிடியில் எந்த விரல், எந்தக் கால் எங்கே என்று நோட்டில் எழுதி வைக்கிறார், அதைப் பாராயணம் செய்கிறார். சங்கீதத்தில் அசுர சாதகம் என்பார்களே, அது. மூளையை ஸ்கேன் செய்து பார்க்கும் காட்சியும் உண்டு. அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதி, மற்றவர்களுக்கு வேலை செய்யும் படங்களைக் காட்டியும் அவருக்கு அமைதியாகவே இருக்கிறது. அந்தக் காட்சியை வைத்து “அவனுக்குப் பயமே கெடையாதுடா” என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் 2016இல் ஏறத் தொடங்கிச் சற்று நேரத்திலேயே வேண்டாம் என்று இறங்கியவரும் அதே மனிதர்தான்.

அந்தப் படத்தில் கேமரா ஒரு குற்றவுணர்வோடு அலைகிறது. ஒளிப்பதிவாளர்கள் அனைவரும் மலையேறிகள், ஹோனால்டின் நண்பர்கள். நம்மால் அவன் கவனம் சிதறி விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று அவர்கள் பேசிக்கொள்வதைப் படம் காட்டுகிறது. பாதையின் ஆபத்தான கட்டம் ஒன்று இருக்கிறது. கட்டைவிரல் நுனி படும் அளவுக்கே பிடி, அங்கிருந்து இடது காலை எதிர்ச் சுவருக்கு உதைத்து நீட்ட வேண்டும். அந்த இடத்தில் மட்டும் ஆள் வேண்டாம் என்று முடிவாகி, தானாக இயங்கும் கேமராவை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அந்தப் படத்தில் எனக்கு மிகப் பிடித்த காட்சி ஹோனால்டுடையது அல்ல. கீழே புல்வெளியில் மைக்கி ஷேஃபர் என்ற ஒளிப்பதிவாளர் பெரிய லென்ஸோடு நிற்கிறார். ஹோனால்ட் அந்தக் கட்டத்தை நெருங்கும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கேமரா ஓடுகிறது, ஆனால் அதை இயக்கும் மனிதனால் பார்க்க முடியவில்லை. நாமோ வீட்டில் உட்கார்ந்துகொண்டு கண்கொட்டாமல் பார்க்கிறோம். அவன் பிழைத்துவிட்டான் என்று முன்பே தெரிந்திருந்தும் உள்ளங்கை வியர்க்கிறது. நண்பன் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இடத்தில் நமக்கு மட்டும் ஏன் கண் அகல விரிகிறது? ‘ஃப்ரீ சோலோ’ இந்தக் கேள்வியைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. மார்க் அதற்குப் பதில் சொல்லவேயில்லை. இடத்தைக் காலி செய்துவிட்டான்.

மலையேற்ற உலகில் சாட்சி இல்லாமல் ஏறுவது சாதாரண விஷயம் அல்ல. மார்க்கின் இன்னொரு சாதனை நடந்த இடத்தையே எடுத்துக்கொள்ளலாம். படகோனியாவில் இருக்கும் டோரே எக்கர் என்ற கூர்முனைச் சிகரம். குளிர்காலத்தில் தனியாக ஏறப் போய், உச்சிக்கு அருகே புயலில் சிக்கி, கயிற்றில் தொங்கித் தொங்கி இறங்கி வந்தான். சில நாளிலேயே திரும்பப் போய் 2016 செப்டம்பரில் ஏறி முடித்தான். அந்தச் சிகரத்தின் பெயர் டோனி எக்கர் என்ற ஆஸ்திரிய மலையேறியின் நினைவாக வைக்கப்பட்டது. 1959இல் பக்கத்துச் சிகரமான செர்ரோ டோரேயில் அவர் சேசரே மேஸ்ட்ரி என்ற இத்தாலியரோடு ஏறப் போனார், உயிரோடு திரும்பவில்லை. திரும்பி வந்த மேஸ்ட்ரி, இருவரும் உச்சியைத் தொட்டோம், இறங்கும்போது பனிச்சரிவில் எக்கர் போய்விட்டார், அவரோடு கேமராவும் போய்விட்டது என்றார். மலையேற்ற உலகம் இன்றுவரை அதை நம்பவில்லை. அவர் சொன்ன பாதையின் மேற்பகுதியில் மனிதர் ஏறியதற்கான அடையாளம் எதையும் பிறகு போனவர்கள் காணவில்லை. ஒரு மனிதரின் வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொண்ட பழி, ஒரு தொலைந்துபோன கேமராவில் இருக்கிறது.

நமக்கும் இது தெரியாத கதை அல்ல. 1997 மே 23ஆம் தேதி மகேந்திரனும் மோகனதாஸும் எவரெஸ்ட்டின் உச்சியில் நின்றபோது, மலேசியாவிலிருந்து அங்கு ஏறிய முதல் இருவர் நம்மவர்கள் என்ற பெருமை வீட்டுக்கு வீடு பேசப்பட்டது. ஒரு நாடு பார்த்துக்கொண்டிருந்த ஏற்றம் அது. அவர்கள் தங்களுக்காக மட்டும் ஏறவில்லை. அப்படி ஏறுவதில் குறைவு ஒன்றுமில்லை. பார்க்கப்படாத சமூகத்துக்கு, பார்க்கப்படுவது ஒரு தேவை. இங்கே வளர்ந்த யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

ஆகவே, மார்க் செய்ததே உயர்ந்தது, கொடி நட்டவர்கள் எல்லாம் விளம்பரப் பிரியர்கள் என்று சொல்வதற்கு நான் வரவில்லை. கொடியோடு ஏறுபவர் தன் மக்களை முதுகில் சுமந்துகொண்டு ஏறுகிறார். மார்க் யாரையும் சுமக்க விரும்பவில்லை. கேமரா என்பது அவனுக்குக் கூடுதலாக ஒரு கிலோ எடை அல்ல, கூடுதலாக ஓர் ஆள்.

இந்தப் படத்தைப் பற்றி நண்பர்களோடு ஒரு மாமாக் கடையில் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர் கடுப்பாகிவிட்டார்.

“சாவறதுக்குன்னே மலை ஏறுறானுங்க. பெத்தவங்க கண்ணுல தெரியலயா இவனுங்களுக்கு? இதப் போயி மனுச மனசோட உயரம் அது இதுன்னு பேசுறீங்களே. கொழுப்புலா!”

இது புறந்தள்ளக்கூடிய கேள்வி அல்ல. படத்திலேயே ரெய்னோல்ட் மெஸ்னர் வந்து, இந்த உலகில் சிறந்தவர்களில் எத்தனையோ பேர் மலையில்தான் போய்ச் சேர்ந்தார்கள் என்ற உண்மையைப் பூசி மெழுகாமல் பேசுகிறார். மார்க்கும் போய்விட்டான். 2018 மார்ச்சில், அலாஸ்காவில் ஜூனோ நகரத்துக்கு அருகே மெண்டன்ஹால் டவர்ஸ் என்ற சிகரங்களில். வயது 25.

ஆனால் எப்படிப் போனான் என்பதைக் கவனிக்க வேண்டும். அன்று அவன் தனியாக ஏறவில்லை. ரையன் ஜான்சன் என்ற அனுபவம் மிக்க மலையேறி உடன் இருந்தார். கயிறு இருந்தது. வடக்கு முகத்தில் புதிய பாதை ஒன்றில் ஏறி உச்சியை அடைந்துவிட்டார்கள். இறங்கும் வழியில்தான் மறைந்தார்கள். தேடிப் போனவர்கள் பனிப்பிளவு ஒன்றில் கயிறுகளைக் கண்டார்கள். உடல்கள் கிடைக்கவில்லை. கயிறில்லாமல் ஏறியபோதெல்லாம் விட்டுவைத்த மலை, கயிறும் துணையுமாகப் போனபோது எடுத்துக்கொண்டது. ‘நான் அப்பவே சொன்னேன்ல’ என்று சொல்லக் காத்திருப்பவர்களுக்கு இந்த மரணத்தில் நீதிக்கதை கிடைக்காது. தன்முனைப்புப் பேச்சாளர்களுக்கும் எதுவும் கிடைக்காது. ‘முயன்றால் முடியாதது இல்லை’ என்ற வாசகத்தை எல் கேப்பிட்டன் படத்தின் மேல் எழுதலாம். மெண்டன்ஹால் டவர்ஸ் மேல் எழுத முடியாது.

படம் சறுக்குவதும் இந்தக் கடைசிப் பகுதியில்தான். நினைவேந்தல் கூட்டம், கண்ணீர், பழைய காட்சிகள், இசை. அதுவரை வாய்பாட்டை உடைத்துக்கொண்டிருந்த படம் அவசர அவசரமாக அதற்குள் திரும்பிப் போய்விடுகிறது. மார்க்கை ஒரு தூய ஆத்மாவாக, கிட்டத்தட்ட ஒரு ரிஷியாக ஆக்கப் பார்க்கிறது. அவனோடு இறந்த ரையன் ஜான்சனுக்குக் கொடுத்த நேரம் மிகக் குறைவு. அவர் இந்தக் கதையில் ஓர் அடிக்குறிப்பாக ஆகிவிடுகிறார். அதே மலை, அதே நாள், அதே கயிறு. ஒருவர் காவிய நாயகன், இன்னொருவர் துணைப்பாத்திரம். யார் கேமராவுக்கு முன்பே அறிமுகமானவர் என்பதுதான் இதைத் தீர்மானித்தது. பார்க்கப்படுவதைப் பற்றி இவ்வளவு யோசித்த ஒரு படம் இதை யோசிக்காமல் விட்டது எனக்கு உறுத்தியது.

எழுத்து, வாசிப்பு என்று அலையும் நம்மை இந்தப் படம் வேறொரு இடத்திலும் குத்துகிறது. ஒரு கவிதை முடிந்த மறுநிமிடம் அது முகநூலில் இருக்கிறது. பத்து நிமிடத்தில் யார் யார் விருப்பக்குறி போட்டார்கள் என்று பார்க்கிறோம். அதில் தவறு என்று சொல்ல மாட்டேன், நானும் பார்க்கிறவன்தான். ஆனால் அடுத்த கவிதையை எழுதும்போது அந்தப் பத்துப் பேர் அறைக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். எந்த வரிக்கு யார் தலையாட்டுவார் என்று தெரிந்துபோகிறது. கை அந்த வரியை நோக்கித் தானாகப் போகிறது. கூட ஆள் இருந்தால் அது தனி ஏற்றம் இல்லை என்று மார்க் சொன்னதன் பொருளை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அவன் புகழை வெறுத்தான் என்பதை விட, அவனுடைய கை கோடரியை மாட்டும் இடத்தைப் பனி மட்டுமே தீர்மானிக்க வேண்டும் என்று நினைத்தான். பார்ப்பவர் கண் அதில் கலந்தால் கை பொய் சொல்லத் தொடங்கும். கவிதையில் கை பொய் சொன்னால் ஒரு மோசமான கவிதை. அங்கே வேறு விளைவு.

சங்கக் கவிஞர்களில் செம்புலப்பெயல்நீரார் என்று ஒருவர் இருக்கிறார். அது அவர் பெற்றோர் வைத்த பெயர் அல்ல. உண்மைப் பெயர் தொலைந்துபோய், அவர் எழுதிய உவமையே அவருக்குப் பெயராகிவிட்டது. ஊர், பெயர், முகம் எல்லாம் உருகிப் போய் ஒரே ஒரு பிடிமானம் மட்டும் பாறையில் மிஞ்சியிருக்கிறது. அதைப் பற்றிக்கொண்டு நாம் இரண்டாயிரம் ஆண்டுகளாக ஏறிக்கொண்டிருக்கிறோம். மார்க்குக்கு நேர்ந்தது இதற்குத் தலைகீழ். பெயரும் முகமும் சிரிப்பும் கோடிக்கணக்கானோர் பார்க்கும் திரையில் மிஞ்சிவிட்டன. அவன் செய்த காரியம்தான் எங்கும் இல்லை.

இருந்தும், அவன் மனிதரே வேண்டாம் என்று ஓடியவன் அல்ல. இதைப் படம் அழுத்திச் சொல்லவில்லை, ஆனால் காட்டியிருக்கிறது. காதலியோடு சேர்ந்து ஏறுகிறான். அம்மாவோடு பேசும்போது முகம் மலர்கிறது. தெரியாத ஊரில் தெரியாத மனிதர்களோடு உட்கார்ந்து சிரிக்கிறான். அவனுக்கு வேண்டாதிருந்தவர்கள் பார்வையாளர்கள். வேண்டியவர்களை அவன் விட்டுவிடவில்லை. 2018 மார்ச் 5ஆம் தேதி, மெண்டன்ஹால் டவர்ஸ் உச்சியில் நின்றபோது அவனும் ரையனும் வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் செய்தி அனுப்பினார்கள். ஏறிவிட்டோம் என்று.

படக்குழு அன்று அங்கே இல்லை. பிறகு இருவரும் கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டு இறங்கத் தொடங்கியிருப்பார்கள்.